அமாவாசையில் தறிச் சத்தம்

அத்தியாயம் 11

'வர்றேன்' என்று ஜீனத் சொல்லிவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. போன வாரம் நாம் அவளை விட்டுவிட்டு வந்தது அங்கேதான். ஒரு கையில் தோசைத் திருப்பி, இன்னொரு கையில் போன், எதிரே முறைத்துக்கொண்டு நிற்கும் கணவன் ஷோயப்.

அவன் கோபத்திலும் நியாயம் இருந்தது. அவள் வர்றேன் என்ற அதே மறுநாளில் வாலாஜாபாத்தில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் படம் எடுக்க வருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். ஆனால் போனில் அந்தப் பெண் கேட்டதைக் காதில் வாங்கியிருந்தால் அவனும் முடியாது என்று சொல்லியிருக்க மாட்டான்.

"அக்கா, எங்க பாப்பாவுக்கு நாளான்னிக்கு உதட்டுல ஆப்பரேஷன். அதுக்கு முன்னாடி இந்த மொகத்த ஒரு போட்டோ எடுத்துக் குடுக்க முடியுமா?"

இந்த மொகத்த! அப்படி ஒரு தாய் கேட்ட பிறகு வாலாஜாபாத் என்ன, வானமே இடிந்து விழுந்தாலும் ஜீனத் போகாமல் இருப்பாளா?

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. காஞ்சிபுரத்தில் 'கொழந்த போட்டோக்கார அக்கா' என்று கேட்டால் எந்தத் தெருவிலும் ஒலிமுகம்மதுபேட்டைக்கு வழி சொல்வார்கள். ஐந்து வயசுக்கு உட்பட்ட குழந்தைகளை, அவர்கள் வீட்டுக்கே போய்ப் படம் எடுப்பவள் ஜீனத். "ஸ்டுடியோவுக்கு வந்தா கொழந்த விருந்தாளி மாதிரி வெறச்சுக்கினு நிக்கும். அது வீட்டுல அதுதான் ராஜா" என்பாள். ஷோயப்பின் தங்கை ருக்ஸானா கிலுகிலுப்பையோடு கூடவே போவாள். படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்தி அச்சுப் போட்டுக் கொடுப்பது ஷோயப்.

திருத்துவதில் அவன் கெட்டிக்காரன். கொசுக்கடி, மூக்குச் சளி, வாயோரத்துச் சோறு, எதுவும் அவன் கண்ணுக்குத் தப்பாது. ஒரு தடவை தென்னேரியில் எடுத்த குழந்தையின் கன்னத்தில் இருந்த திருஷ்டிப் பொட்டை ஏதோ அழுக்கு என்று நினைத்துத் துடைத்து எடுத்துவிட்டான். குடும்பமே போனில் வந்து அவனை வறுத்து எடுத்துவிட்டது. அன்றிலிருந்து பொட்டை மட்டும் தொட மாட்டான்.

பொட்டை மட்டும்!

*

பிள்ளையார்பாளையத்தில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது மணி ஒன்பதே கால். தெரு அமைதியாக இருந்தது. மற்ற நாளாக இருந்தால் வீட்டுக்கு வீடு தறி தட்டும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். இன்று அமாவாசை. தறிக்கு லீவு.

"நல்ல நாளாப் பாத்துதான் கூப்ட்டிருக்காங்க. சத்தமே இல்ல, பாப்பா மெரளாது" என்றாள் ருக்ஸானா.

போனில் கேட்ட தாய் ஜீவிதா வாசலில் நின்றிருந்தாள், அவளும் அதையேதான் சொன்னாள். "அதுக்காகவே இன்னிக்கு வரச் சொன்னேங்கா. தறியும் ஓடாது, இவரும் வீட்டுல இருப்பாரு."

எல்லாரும் சேர்ந்து ஒரே தப்பைச் செய்தால் அது தப்பு என்று யாருக்குத் தெரியும்?

குழந்தைக்கு ஆறு மாசம். பெயர் பொன்னி. பாயில் இரண்டு தலையணைக்கு நடுவில் உட்கார்ந்து, தன் கால் கட்டைவிரலை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் உதடு மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது. கண்கள் மட்டும் ஊரையே விலைக்கு வாங்கும்.

"மாஷா அல்லா!" என்றாள் ஜீனத்.

ஜீவிதா திரும்பிப் பார்த்தாள். "அப்படின்னா இன்னாக்கா?"

"அழகா ஒண்ணப் பாத்தா சொல்லுவோம். கடவுள் நெனச்சுக் குடுத்ததுன்னு அர்த்தம். நம்ம கண்ணு பட்டுடக் கூடாது இல்ல, அதுக்காக."

ஜீவிதா குழந்தையின் தலையைக் கோதிவிட்டாள். பிறகு, "எங்க வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் 'அய்யோ பாவம்'னுதான்க்கா சொல்லுவாங்க. கிரகணத்துல வெளிய போனியான்னு கேப்பாங்க. இவ மேல கண்ணு பட்டுடும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் பயந்தது இல்ல. நானே இவளுக்குப் பொட்டு வெச்சது இல்லக்கா" என்றாள்.

கிரகணமாம் கிரகணம்! அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாலும் கேட்கிறார்களா? பெற்றவள் மனசில் ஒரு முள்ளைக் குத்திவிட்டு, காபியும் குடித்துவிட்டுப் போகிற ஜென்மங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எனக்கு எழுதும்போதே எரிகிறது.

ஜீவிதா உள்ளே ஓடினாள். மை டப்பாவோடு வந்தாள். பொன்னியின் இடது கன்னத்தில், ஆறு மாசத்தில் முதல் முறையாக, பெரிசாக ஒரு பொட்டு வைத்தாள். குழந்தை தலையைத் திருப்பியதில் அது கொஞ்சம் கோணலாக விழுந்தது.

தறியோரம் சாய்ந்து நின்றிருந்த கமல் அப்போதுதான் வாயைத் திறந்தான். ஜீவிதாவின் கணவன், அந்தத் தறிக்குச் சொந்தக்காரன்.

"எடுங்க, வேணாங்கல. ஆனா உதட்ட மட்டும் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக் குடுத்துடுங்கக்கா. செவுத்துல மாட்டற போட்டோ. பாப்பா வளந்து பாத்துட்டு அழக் கூடாது."

"வேணாம்" என்றாள் ஜீவிதா.

"இன்னா வேணாம்?"

"சரி பண்ண மொகத்த நாளையிலேர்ந்து தெனமும் பாக்கப் போறோமே. இத இனிமே எங்க போய்ப் பாப்ப?"

இரண்டு பேரும் ஜீனத்தைப் பார்த்தார்கள். அவள் யார் பக்கம் பேசுவாள்?

"மொதல்ல எடுப்போம்பா. அப்புறம் பேசிக்கலாம்" என்று நழுவினாள். அந்த 'அப்புறம்' சாயங்காலம் வாசலில் வந்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

*

ஜீனத் வேலை செய்வதை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். வந்ததும் கேமராவைத் தூக்க மாட்டாள். வளையலைக் கழற்றி வைப்பாள். தரையில் குப்புறப் படுப்பாள். குழந்தை அவள் பையை இழுக்கலாம், கேமராப் பட்டையைக் கடிக்கலாம், முக்காட்டைப் பிடித்து உலுக்கலாம். அரை மணி நேரம் அப்படியே போகும். கடைசியில் கேமரா அந்த வீட்டுச் சொம்பு, முறம் மாதிரி குழந்தைக்குப் பழகிப்போகும். ஃப்ளாஷ் கிடையவே கிடையாது. வீட்டில் எந்த நேரத்துக்கு எங்கே வெயில் விழும் என்று முன்னாடியே போனில் கேட்டு வைத்துக்கொள்வாள்.

கமல் வீட்டில் அது பத்தரை மணிக்கு. தறிக்கு மேலே கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக வெளிச்சம் சரியாகப் பாயின் மேல் இறங்கும். இருபது நிமிஷம் இருக்கும். பிறகு தள்ளிப் போய்விடும்.

பத்தரை ஆனது. வெளிச்சம் வந்தது. பொன்னி அழ ஆரம்பித்தாள்.

பசியா? இப்போதுதான் குடித்தாள். துணி நனைந்ததா? இல்லை. ருக்ஸானா கிலுகிலுப்பையை ஆட்டினாள், பூனை மாதிரி கத்தினாள், தன் தலையில் தானே அடித்துக்கொண்டு விழுந்து காட்டினாள். அவளுக்குச் சிரிக்காத குழந்தை இந்த ஊரில் இதுவரை பிறக்கவில்லை. பொன்னியோ இன்னும் சத்தமாக அழுதாள். அழுதுகொண்டே தலையைத் திருப்பித் திருப்பி எதையோ தேடினாள்.

ஜீவிதாதான் முதலில் கண்டுபிடித்தாள். "அய்யோ, தறி! தறி சத்தம் இல்லக்கா! பொறந்ததுலேர்ந்து இவ தூளி தறிக்குப் பக்கத்துலதான். அந்தச் சத்தம் கேட்டாதான் தூங்குவா, கேட்டாதான் சிரிப்பா. சத்தம் வேணாம்னு நானே அமாவாசையாப் பாத்துக் கூப்ட்டேனே, எனக்கு புத்தி இருக்குதா?"

"இவ்ளோதானே, இருங்க" என்று ருக்ஸானா போனில் ஒரு தறி வீடியோவைத் தேடி எடுத்துக் காதோரம் வைத்தாள். பொன்னி ஒரு நொடி நிறுத்தினாள். கேட்டாள். பிறகு முன்னைவிட இரண்டு மடங்கு கத்தினாள்.

கமலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது மிஷின்ல ஓடற பவர்லூம் சத்தம்மா, நம்மளது கைத்தறி. என் பொண்ண ஏமாத்த முடியுமா?"

அவன் குரலில் முதல் முறையாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. ஜீவிதா அதை விடவில்லை.

"அப்போ நீ உக்காரு."

"அமாவாசைல தறில உக்காரக் கூடாது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நாளைக்கு அமாவாசை இல்ல. ஆனா நாளைக்கு இந்த மொகமும் இல்ல."

பாயில் வெளிச்சம் ஒரு சாண் நகர்ந்திருந்தது. ஜீனத் படுத்தபடியே கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அழுகிற குழந்தையை அவள் எடுப்பதில்லை. ஆனால் கேமராவைக் கீழே வைப்பதும் இல்லை.

கமல் தறியைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். பிறகு நூல் சுற்றிய நாடாவைத் தறியிலிருந்து எடுத்துச் சுவர்ப் பிறையில் வைத்தான். நாடா ஓடினால்தானே குறுக்கு நூலான ஊடை விழும்? ஊடை விழுந்தால்தானே நெசவு? தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தறிக் குழியில் இறங்கி உட்கார்ந்தான். மிதியை அழுத்தினான். பலகையை இழுத்து அடித்தான்.

டக்... சட். டக்... சட்.

அடுத்த வீட்டிலிருந்து ஒரு குரல் பாய்ந்து வந்தது. "இன்னாப்பா கமலு, அமாவாசையும் அதுவுமா தறி ஓட்டிக்கினு கீற?"

"ஓட்டல உமாபதிண்ணே! சத்தம்தான்!"

"சத்தத்த மட்டும் ஓட்டறியா? பேஷ்!"

பொன்னி அழுகையை நிறுத்தினாள். மூக்கு உறிஞ்சினாள். தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். டக்... சட். கமல் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

அவள் சிரித்தாள்.

அப்பப்பா! மற்றக் குழந்தைகள் வாயால் சிரிக்கும். இவள் சிரிப்பு இரண்டு பக்கமும் ஏறி, மூக்கைத் தூக்கி, கண்ணுக்குள் போய் உட்கார்ந்தது. முகத்தில் சிரிக்காத இடமே பாக்கி இல்லை. கன்னத்துக் கோணல் பொட்டும் சேர்ந்து மேலே ஏறியது.

"மாஷா அல்லா, மாஷா அல்லா" என்று முணுமுணுத்துக்கொண்டே ஜீனத் பதினோரு படம் எடுத்தாள். பன்னிரண்டாவதுக்கு வெளிச்சம் இல்லை.

எழுந்து போய்க் குழியோரம் மண்டியிட்டு கேமராவின் பின்பக்கத்தைக் கமலிடம் காட்டினாள். "இது உங்களப் பாத்துச் சிரிச்சது."

அவன் ரொம்ப நேரம் பார்த்தான். குழியிலிருந்து ஏறிக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டான். விஷயம் முடிந்தது என்று ஜீனத் நினைத்தாள்.

*

வீட்டுக்கு வந்ததும் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து ஷோயப்பிடம் கொடுத்தாள். "எதையும் தொடாதீங்க. அப்படியே பிரிண்ட் போடுங்க. விடியக்காலம் அஞ்சு மணிக்கு அவங்க சென்னைக்குக் கெளம்பறாங்க. சாயங்காலம் கமல் வந்து வாங்கிக்குவாரு."

"சரி" என்றான் ஷோயப். வாலாஜாபாத் கோபம் தணிந்திருந்தது. படத்தைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் தணியாது? அந்தப் பிறந்தநாளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிப் பேசிவிட்டதாகவும் சொன்னான்.

அவள் சமையலறைக்குப் போன பிறகு அவன் போன் அடித்தது. கமல்.

"பாய், ஒரு ஒதவி. உதட்ட சரி பண்ணி ஒண்ணு போட்டுக் குடுங்க பாய். எனக்காக."

ஷோயப் நல்லவன். நல்லவர்கள் செய்கிற வம்புக்கு அளவு உண்டா? கால் மணி நேரத்தில் உதட்டைச் சேர்த்துவிட்டான். மூக்கை நிமிர்த்தினான். பின்னால் இருந்த தறி, பாய் எல்லாவற்றையும் அழித்து முகத்தை மட்டும் வெள்ளையில் நிறுத்தினான். கன்னத்துப் பொட்டைத் தொடவில்லை. அதில் ரொம்பக் கவனமாக இருந்தான். பார்க்கட்டும் என்று ஒரு சாம்பிளைப் புக்கிங் நம்பருக்கு அனுப்பிவிட்டு, இரண்டு படத்தையும் அச்சுப் போட்டு இரண்டு கவரில் வைத்தான்.

ஐந்தரை மணிக்குக் கமல் வந்தான். ஷோயப் திருத்திய படம் இருந்த கவரை முதலில் நீட்டினான். கமல் படத்தை வெளியே எடுத்த நேரம் பார்த்து ஜீனத் டீயோடு வந்தாள்.

அவள் தம்ளரை வைத்த வேகத்தில் டீ சிந்தியது. "இது என்னங்க?"

"அவருதான் கேட்டாரு..."

"தொடாதீங்கன்னு சொன்னேன்ல?"

"பாய திட்டாதீங்கக்கா" என்றான் கமல். "நான்தான் கேட்டேன். வெக்கப்பட்டுக் கேக்கல. பயந்து போய்க் கேட்டேன்."

"என்ன பயம்?"

"நாளைக்கு உள்ள தூக்கிக்கினு போவாங்க. வெளிய வரும்போது எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியல. காலைல என்னப் பாத்துச் சிரிச்சா இல்ல, அதுலேர்ந்து இதே நெனப்பு. ஒரு தடவ முன்னாடியே பாத்துட்டா தைரியமா இருக்கும்னு நெனச்சேன்."

ஜீனத்தின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"பாத்தீங்களா? தைரியம் வந்துதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கமல் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்போது ஜீனத்தின் போனில் 'டிங்' என்றது. ஜீவிதாவிடமிருந்து ஒரு குரல் செய்தி. நாளைய பயணத்தைப் பற்றி ஏதோ கேட்கிறாள் போல என்று நினைத்து ஜீனத் எல்லார் முன்னாலும் போட்டுவிட்டாள்.

"அக்கா, பாய் யார் வீட்டுக் கொழந்த போட்டோவையோ எனக்கு மாத்தி அனுப்பிட்டாரு போல. நல்லாதான் இருக்குது, இல்லன்னு சொல்லல. எங்க பாப்பா மாதிரியே எடது கன்னத்துல பொட்டுகூட வெச்சிருக்காங்க. அவங்க வீட்டுல தேடப் போறாங்க, அனுப்பிடச் சொல்லுங்க. எங்க பாப்பா போட்டோ எப்பக்கா வரும்? அவரு அங்க வந்தாரா?"

ஜீனத் ஷோயப்பைப் பார்த்தாள். ஷோயப் தரையைப் பார்த்தான். "கமலுக்குத்தான் அனுப்புறதா நெனச்சேன். புக்கிங் நம்பர் அவங்களோடதா..."

"இன்னொரு தடவ போடுங்கக்கா" என்றான் கமல்.

போட்டாள். யார் வீட்டுக் கொழந்த என்ற இடம் வந்ததும் அவன் கையிலிருந்த படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

"அத குடுங்க பாய்" என்று மற்றக் கவரைக் காட்டினான்.

பிரித்தான். எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் பொன்னி சிரித்தாள். பின்னால் மங்கலாகத் தறி. நாடா இல்லாத அந்தத் தறியின் பலகையை இழுத்த தன் முழங்கைகூட ஒரு ஓரத்தில் தெரிந்ததை அவன் இப்போதுதான் கவனித்தான்.

"இது எம் பொண்ணு" என்றான். "நாளைக்கு எப்படி வந்தாலும் அதுவும் எம் பொண்ணுதான். ஆனா இது... இந்த மொகம்தான் என்னப் பாத்து மொதல்ல சிரிச்சது."

ஷோயப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து திருத்திய படத்தை அழித்தான். யாரும் சொல்லவில்லை. அவனாகவே செய்தான்.

"அண்ணா" என்றாள் ருக்ஸானா, கமலைப் பார்த்து. "ஆஸ்பத்திரில தறி இருக்காதே, பாப்பா எப்படித் தூங்குவா? காலைல நீங்க அடிக்கறப்ப நான் போன்ல புடிச்சு வெச்சிருக்கேன். ரெண்டு நிமிஷம். பவர்லூம் இல்ல, உங்களோடதுதான். அனுப்பவா?"

கமல் தலையை ஆட்டினான். கவரைச் சட்டைக்குள் வைத்து, பட்டனைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பினான்.

"அக்கா, காலைல பாப்பாவப் பாத்து ஒண்ணு சொன்னீங்களே. அது இன்னா வார்த்த?"

"மாஷா அல்லா."

"மாஷா அல்லா" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். "ஆப்பரேஷன் ரூம்லேர்ந்து பாப்பா வெளிய வர்றப்ப நான் பாட்டுக்கு வேற ஏதாவது சொல்லித் தொலைச்சிடப் போறேன். ஜீவிதா பக்கத்துல இருப்பா. அதான் கேட்டு வெச்சுக்கினேன்."

கமலின் வண்டி தெரு முனையைத் திரும்புகிற வரைக்கும் ஜீனத் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ குழந்தைகளை எடுத்திருக்கிறாள். இன்றைக்குத்தான் ஒரு தகப்பனை எடுக்காமல் விட்டுவிட்டோமே என்று இருந்தது.

அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு ஒலித்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போகத் திரும்பினாள். போன் மறுபடி 'டிங்' என்றது. ஜீவிதாதான். இந்தத் தடவை குரல் இல்லை, எழுத்து.

'அக்கா, அந்தக் கொழந்த யாருன்னு எனக்குத் தெரியும். அவர் எதிர்ல இருப்பாரு, கேக்கட்டும்னுதான் அப்படிப் பேசினேன். எனக்கும் பயமா இருக்குது. நாளைக்கு நீங்க வர முடியுமா?'

ஜீனத் நிமிர்ந்து பார்த்தாள். அடுப்படியில் காலையிலிருந்து சும்மா கிடக்கும் தோசைத் திருப்பி. உள்ளே ஷோயப். 'வர்றேன்' என்று தட்டி அனுப்பினாள். இந்தத் தடவையும் அவள் யாரையும் கேட்கவில்லை.